அவசரச் சரக்கு ஓட்டத்தில் இறங்க நினைக்கிறேன்: வேன் வாங்கலாமா, வேலைக்குச் சேரலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். 11 ஆண்டுகள் ஒரு கிடங்கின் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தேன். சென்ற டிசம்பரில் அந்தக் கிடங்கை மூடிவிட்டார்கள். பணிநீக்கத்துக்காகக் கொடுத்த தொகை வங்கியில் அப்படியே இருக்கிறது. அதில் கை வைப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிடங்கில் இருந்த காலத்தில், வழக்கமான லாரிகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு வேன் தனியாக வந்து ஒரே ஒரு பெட்டியையோ ஒரே ஒரு பேலட்டையோ (சரக்கை அடுக்கிக் கட்டிய பலகைத் தட்டு) ஏற்றிக்கொண்டு நேராக ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பெட்டிக்கு வாங்கிய கட்டணத்தைக் கணக்குப் பிரிவில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே பெட்டி மறுநாள் லாரியில் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு அதிகம். அன்றிலிருந்தே இந்த வேலையின் மேல் எனக்கு ஒரு கண்.

என்னிடம் 14 ஆண்டுகளாகக் கோட் 8 என்ற இலகுரக வாகன உரிமம் இருக்கிறது. இதுவரை விபத்து எதுவும் இல்லை. டோங்காட்டில் இருக்கும் மாமா தம்முடைய ஒரு டன் டீசல் வேனை நியாயமான விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கிச் சொந்தமாக ஓட்டலாமா, அல்லது முதலில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஓட்டுநராகச் சேர்வதுதான் சரியா? பெரிய உரிமம் எடுத்தே ஆக வேண்டுமா? இரவில் ஜோகன்னஸ்பர்க்குக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில் தனியாகப் போவதை நினைத்தாலே என் மனைவிக்குக் கலக்கமாக இருக்கிறது. அதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: பீனிக்ஸ் பெரியவர்

தம்பி, 22 ஆண்டுகள் இந்தச் சாலையில் ஓட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீண்ட பதில்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கணக்குப் பிரிவில் நீங்கள் பார்த்த தொகை டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஓடியதற்கான கூலி என்று நினைத்துக்கொண்டால் கணக்குத் தப்பும். அந்த வண்டி காலியாகத் திரும்பி வந்ததற்கும், அதற்கு முன் இரண்டு நாள் ஓட்டமில்லாமல் வாசலில் நின்றதற்கும், அந்த இரண்டு நாளும் தொலைபேசி அடித்தால் அரை மணி நேரத்தில் புறப்படத் தயாராக ஓட்டுநர் இருந்ததற்கும் சேர்த்து வாங்கியது அது. காத்திருப்பதைத் தாங்க முடியாதவர்கள் இதில் ஆறு மாதம்கூட நிற்பதில்லை. ஓட்டத் தெரியாமல் விட்டுப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ரோஸ்லினில் பிஎம்டபிள்யூ, சில்வர்டனில் ஃபோர்டு, நம் ப்ரொஸ்பெக்டனில் டொயோட்டா என்று கார் ஆலைகள் பாகங்களை மாதக்கணக்கில் சேமித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்தில் வந்து சேருமாறு ஏற்பாடு செய்துகொள்கின்றன. கப்பல் தாமதமானாலோ, பாகம் பழுதாக வந்தாலோ, ஒரு சிறிய பெட்டிக்காக முழு உற்பத்தி வரிசையும் நின்றுவிடும். ம்புமலாங்காவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ரஸ்டன்பர்க்கின் பிளாட்டினச் சுரங்கங்களிலும் பம்போ பேரிங்கோ உடைந்தால் இதே கதைதான். மருத்துவமனைச் சரக்கு வேறு வகை. அதில் பலவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்துக் கொண்டுசேர்க்க வேண்டும்.

ஒருமுறை ரோஸ்லின் பக்கத்தில் இருந்த ஓர் உதிரிபாக ஆலைக்கு நான் கொண்டுபோன பெட்டி செருப்புப் பெட்டியை விடப் பெரிதில்லை. அதை இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு மாலை ஏழரைக்கு டர்பனை விட்டேன். அதிகாலை இரண்டு நாற்பதுக்கு ஆலை வாசலில் நின்றேன். சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டு போட்டிருந்த மேற்பார்வையாளர் ஒருவர் வாசலுக்கே ஓடி வந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பி ஓடினார். கையெழுத்து வாங்க அவர் பின்னாலேயே நானும் ஓட வேண்டியதாயிற்று. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் கூலி இல்லை.

இனி உரிமம். சரக்கோடு சேர்த்து ஒரு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டாத வரை உங்கள் கோட் 8 போதும். பிடிபி என்று எல்லோரும் சொல்லும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் சாதாரணச் சரக்குக்குத் தேவையில்லை. அந்த 3,500 கிலோவைத் தாண்டி 16,000 கிலோ வரை கோட் 10 வேண்டும். இழுவை லாரிக்குக் கோட் 14. இந்த இரண்டுக்கும் முதலில் கோட் 3 பழகுநர் உரிமத் தேர்வை எழுத வேண்டும். கோட் 8 இருக்கிறது என்பதற்காக அதை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சரக்குக்கான பிடிபியை 18 வயதிலேயே வாங்கலாம். அபாயகரமான பொருள்களை ஏற்றுவதற்கான வகைக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், தனிப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். பிடிபி 24 மாதங்களுக்குச் செல்லும். மருத்துவச் சான்றிதழோடுதான் விண்ணப்பிக்க வேண்டும். என் யோசனை இதுதான்: தேவையில்லாவிட்டாலும் கோட் 10-ஐயும் பிடிபியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு டன் வண்டியின் ஓட்டுநர் திடீரென்று நோயில் படுத்துவிட்டால், அந்த இரவு யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை அந்த அட்டைதான் முடிவு செய்யும்.

சாலையைப் பற்றி உங்கள் மனைவி கலங்குவதில் தவறில்லை. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் புறப்பட்டு 1,700 மீட்டருக்கு மேல் ஏறிப் போய்ச் சேர்கிறோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம், அங்கிருந்து ஹில்டன் வரை திடீர் மூடுபனி. அடுத்தது வான் ரீனன் கணவாய். 2024 செப்டம்பரில் அந்தப் பகுதியில் கொட்டிய பனியில் என்3 அடைபட்டு, வண்டிகள் இரவு முழுவதும் சாலையிலேயே சிக்கிக் கிடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் வண்டியில் ஒரு கம்பளியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இல்லாமல் நான் புறப்பட்டதே இல்லை.

இறக்கத்தில்தான் ஆபத்து அதிகம். ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தவர் சொல்வார். டவுன் ஹில்லில் இறங்கும்போது பிரேக் கருகும் வாடை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் பிறகு மறக்காது. முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து அது வந்தால் உடனே இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. புறப்படும் முன் வயிறு நிறையப் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) சாப்பிட்டுவிட்டு இரவு ஓட்டத்துக்குப் போகிறவர்களை நான் நம்ப மாட்டேன். ஹாரிஸ்மித் ஏறத்தாழப் பாதி வழி; அங்கே நின்று தேநீர் குடித்து, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, டயரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன். கண் சொக்கினால் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் தூங்கியும் இருக்கிறேன். அதற்காக எந்த வாடிக்கையாளரும் என்னை விலக்கியதில்லை.

பதில்: வெருலம் அக்கா

நான் ஓட்டுநர் அல்ல. எட்டு ஆண்டுகளாக ஒரு சரக்கு நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் இரவுப் பணியில் இருக்கிறேன். பெரியவர் சொன்ன தொலைபேசியை அடிப்பவள் நான்தான்.

இரவு பத்து மணிக்கு ஓட்டம் வந்தால் என் முன்னால் பத்துப் பதினைந்து பெயர்கள் இருக்கும். அவர்களில் யார் வேகமாக ஓட்டுவார் என்று நான் பார்ப்பதில்லை. யார் முதல் மணியிலேயே எடுப்பார், யார் "ஐந்து மணிக்குச் சேர்வேன்" என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்குச் சேர்ந்திருக்கிறார், யார் வழியில் டயர் வெடித்தால் அந்த நிமிடமே எனக்குச் சொல்கிறார் என்பதைத்தான் பார்ப்பேன். தாமதத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் ஆலையில் ஆட்களை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்வார்; நாங்கள் பேசாமல் இருந்துவிட்டால் மறுநாள் காலையில் அந்தக் கணக்கே எங்கள் கையை விட்டுப் போயிருக்கும். "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் எஸ்ட்கோர்ட்டைக்கூடத் தாண்டாத ஓட்டுநரின் வண்டியை டிராக்கர் திரையில் பார்த்துக்கொண்டே அவரோடு பேசுவது எனக்குப் பழகிப்போன வேதனை.

கையெழுத்து வாங்கும்போது கிறுக்கலோடு விட்டுவிடாதீர்கள். வாங்கியவரின் பெயர் தெளிவான எழுத்தில், தேதி, நேரம், முடிந்தால் நிறுவனத்தின் முத்திரை. அங்கிருந்தே படம் எடுத்து அனுப்பிவிட்டு, மூலத்தாளைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுங்கள். ஏற்றும்போதே பெட்டி நசுங்கியிருந்தால் அதையும் படம் எடுத்து, வேபில் என்ற சரக்குச் சீட்டில் எழுதி, கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீங்கள் அனுப்பும் பிரிவில் இருந்தவர், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது தெரிந்தது, அதிகாலை மூன்று மணிக்கு மழையில் நிற்கும்போது எப்படியோ மறந்துவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பெரியவர் மேலோட்டமாக விட்டுவிட்டார். காவல்துறையைப் போல நீல விளக்கு வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திக் கொள்ளையடிப்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துப் பக்கம். சந்தேகம் வந்தால் நான்கு பக்கச் சைகை விளக்குகளையும் போட்டு, வேகத்தைக் குறைத்து, நிற்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வெளிச்சமான பெட்ரோல் நிலையத்துக்கோ ஓட்டிச் செல்லுங்கள். ஓட்டிக்கொண்டே எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். என்ன சரக்கு ஏற்றியிருக்கிறீர்கள் என்பதைப் பெட்ரோல் போடும் பையனிடம்கூடச் சொல்லக் கூடாது.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: நல்ல நிறுவனத்தில் இரவு முழுவதும் யாரோ ஒருவர் உங்கள் வண்டியைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். டிராக்கரும் இல்லாமல், அபாயப் பொத்தானும் இல்லாமல் தனியாக அனுப்பும் இடமாக இருந்தால் அங்கே சேராதீர்கள்.

பதில்: லெனேசியாவிலிருந்து

மூன்று வேன்கள் வைத்து ஓட்டுகிறேன். முதல் வேனை உங்களைப் போலவே பணிநீக்கத் தொகையில்தான் வாங்கினேன். அதனால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இங்கே நாம் பக்கி என்று சிறு சரக்கு வண்டியைச் சொல்கிறோம். நம் பெரியவர்களின் தமிழில் பாக்கி என்றால் வரவேண்டிய கடன். இந்தத் தொழிலில் முதலாவதை வாங்கினால் இரண்டாவது தானாக வந்துவிடும். டீசலுக்கும் டோலுக்கும் அன்றன்றைக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கூலியோ பெரும்பாலும் மாதக் கணக்கு முடிந்து 30 நாள் கழித்து என்று பேசப்பட்டு, அதற்கும் பின்னால் வரும். என் முதல் ஆண்டில் ஓர் இடைத்தரகு நிறுவனம் எனக்கு நான்கு மாதக் கூலியை நிறுத்தி வைத்தது. வண்டித் தவணைக்கு மனைவியின் தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகள் எல்லாம் அடகுக்குப் போயின. ஆகவே மூன்று மாத ஓட்டச் செலவு தனியாகக் கையில் இல்லாமல் வேன் வாங்காதீர்கள். வேன் இலவசமாகவே கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஓர் ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் வேன் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், போக 57 லிட்டர், வர 57 லிட்டர். மேரியன்ஹில், மூய் ரிவர், டுகேலா, வில்கே, டி ஹூக் என்று டோல் ஐந்து இடங்களில், அதுவும் இரு முறை. எனவே ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாராவது விலை சொன்னால், அது போகும் தூரத்துக்கு மட்டுமா, திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஏற்றும், இறக்கும் இடத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு கட்டணம் என்பது இரண்டாவது.

எரிபொருள் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். உங்கள் கட்டணமும் அதோடு சேர்ந்து மாறும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரையில் விலை குறைவு என்பதால் மேலே ஏறும் முன் டர்பனிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள். பெட்ரோலுக்குச் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது, டீசலுக்கு அப்படி இல்லை; நிலையத்துக்கு நிலையம் விசாரித்தால் மிச்சம் உண்டு.

காப்பீட்டில்தான் பலர் மண்ணைக் கவ்வுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த வாகனக் காப்பீடு கூலிக்குச் சரக்கு ஏற்றும்போது கைகொடுக்காது. வண்டிக்கு வணிகக் காப்பீடு தனி, உள்ளே இருக்கும் சரக்குக்கு வழிச்சரக்குக் காப்பீடு தனி. கலவரத்தில் வண்டி எரிந்தால் அதற்குச் சஸ்ரியா என்ற அரசு நிறுவனத்தின் பாதுகாப்பு இணைந்திருக்க வேண்டும். 2021 ஜூலையில் மூய் ரிவர் அருகே லாரிகள் எரிந்தபோது அந்தச் சிறிய கூடுதல் தொகையைக் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது.

மாமாவின் வேனைப் பற்றி: ஒரு டன் வேன் என்று வாய்வார்த்தையில் சொல்வதை நம்பாமல், கதவுச் சட்டத்தில் அடித்திருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். அதிலுள்ள மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதில் நீங்களும், துணைக்கு வருபவரும் அடக்கம். மிச்சம்தான் சரக்கு. என்னிடமிருந்த ஒரு வேனில் அந்த மிச்சம் 800 கிலோதான். பேலட்டில் 950 இருந்ததைத் தெரியாமல் ஏற்றி ஹைடல்பர்க் எடைமேடையில் மாட்டிக்கொண்டேன். சரக்கை இறக்கி மாற்றும் வரை வண்டியை விடவில்லை. அவசரம் என்று அனுப்பிய சரக்கு ஆறு மணி நேரம் அங்கேயே கிடந்தது.

"சொந்த வேனோடு வா, மாதம் முழுவதும் வேலை தருகிறோம்" என்பவர்களிடமும் கவனமாக இருங்கள். அவர்கள் சீருடையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, வேறு யாருக்கும் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையையும் ஏற்றால், நீங்கள் பெயருக்கு ஒப்பந்தக்காரர், நடைமுறையில் வேலையாள். ஆனால் டயரும் டீசலும் விடுப்பும் மட்டும் உங்கள் தலையில். தகராறு வந்தால் காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல் நடைமுறையைப் பார்ப்பதற்கும் தொழிலாளர் சட்டத்தில் இடமுண்டு, தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏவுக்குப் போகலாம். அங்கே போகும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வொர்த் வாசி

பெரியவர், அக்கா, லெனேசியா அண்ணன், மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று டோங்காட்டுக்குப் போய்த் தகட்டைப் பார்த்தேன். ஆட்களின் எடையையும் சேர்த்துக் கழித்துப் பார்த்தால் 870 கிலோதான் வருகிறது. மாமாவே அதை இதுவரை கவனித்ததில்லை என்கிறார்.

இன்னும் ஒரு சந்தேகம். காலியாகத் திரும்புவதுதான் பெரிய இழப்பு என்று புரிகிறது. திரும்பி வரச் சரக்கு தேடுவது எப்படி? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: பீனிக்ஸ் பெரியவர்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கீழே வரும் அவசரச் சரக்கு பெரும்பாலும் விமானத்தில் வந்து இறங்கியதாக இருக்கும். ஆகவே ஓஆர் டாம்போ விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கெம்ப்டன் பார்க், இசாண்டோ, ஜெட் பார்க் பகுதிகளில் சரக்கு முகவர்களிடம் உங்கள் பெயர் இருக்க வேண்டும். மேலே ஏறும்போதே அழைத்து, "இத்தனை மணிக்கு இறக்குவேன், இத்தனை மணிக்குக் காலியாவேன், 870 கிலோ ஏற்றலாம்" என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். இறக்கி முடித்துவிட்டுத் தேடுபவருக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும்.

நான் வைத்திருந்த கணக்கு எளியது. காலையில் இறக்கினால் தூங்கி எழுந்து பிற்பகல் மூன்று மணி வரை பார்ப்பேன். அதற்குள் எதுவும் வராவிட்டால் காலியாகவே புறப்பட்டுவிடுவேன். அங்கேயே இன்னோர் இரவு தங்கினால் தங்கும் செலவும், மறுநாள் டர்பனில் தவறும் ஓட்டமும் சேர்ந்து, வரும் கூலியைத் தின்றுவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் விதிவிலக்கு; அன்று மாலை வரை காத்திருக்கலாம், வார இறுதிக்குள் கீழே வர வேண்டிய சரக்கு ஏதாவது ஒன்று சிக்கிவிடும்.

பதில்: லெனேசியாவிலிருந்து

ஒன்றைச் சேர்க்கிறேன். திரும்பும் சரக்குக்குக் குறைந்த கூலியை ஏற்கலாம், ஆனால் டீசலும் டோலும் முழுவதும் தேறாத கூலிக்கு ஏற்றாதீர்கள். அப்படி ஒருமுறை ஏற்றினால் அந்த முகவர் உங்களை வாழ்நாள் முழுவதும் அந்த விலைக்குத்தான் கூப்பிடுவார்.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வொர்த் வாசி

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வேனை இப்போது வாங்கவில்லை. ஓர் ஆண்டு வேலைக்குச் சேர்ந்து ஓட்டிவிட்டு முடிவு செய்வதாக மாமாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார். கோட் 3 பழகுநர் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று. அது வரை துணை ஓட்டுநராகச் சேர்த்துக்கொள்ள பைன்டவுனில் ஓர் இடத்தில் சம்மதித்திருக்கிறார்கள். அக்கா சொன்னபடி டிராக்கரையும் அபாயப் பொத்தானையும் கேட்டுப் பார்த்த பிறகே சரி என்றேன்.

பதில்: பீனிக்ஸ் பெரியவர்

நல்லது தம்பி. பயிற்சிப் பள்ளியில் பின்னோக்கி வண்டியை நிறுத்துவதைக் கண்ணாடியை மட்டும் பார்த்துச் செய்யப் பழகுங்கள். கோட் 10 தேர்வின் களப் பகுதியில் அதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். அடுத்த மாதம் என் மகன் எட்டு டன் வண்டியில் ஹாரிஸ்மித்துக்குப் போகிறான். விரும்பினால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய் வாருங்கள். வான் ரீனனில் அவன் எந்த இடத்தில் கியரை மாற்றுகிறான் என்று பாருங்கள். குளிர்க்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.